வெள்ளவத்தையில பிரிட்டிஷ் பவுண்ஸ் மாத்துற கடை ஒண்டு, பிரெக்சிட் விவாதம் இலவசம்

முதல்லயே சொல்லிடுறன், கடைப் பேர் போடேல்ல. போடட்டோ எண்டு கேட்டதுக்கு கடைக்கார அண்ணை "வேண்டாம் தங்கச்சி, கியூ கூடினா எனக்குத்தான் கரைச்சல்" எண்டுட்டார். டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தைப் பக்கம், ரெண்டு கதிரை போட்டா மூண்டாவது ஆள் நிண்டுகொண்டுதான் கதைக்கோணும், அவ்வளவு சின்னக் கடை. மத்திய வங்கி பேர்மிட் கண்ணாடிக்குப் பின்னால பிரேம் போட்டுத் தொங்குது, காசு மாத்தப் போற ஆக்கள் எந்தக் கடையெண்டாலும் முதல் அதைப் பாருங்கோ. உண்டியல் (பாங்க் இல்லாம களவா காசு அனுப்புறது) எல்லாம் இங்க கேக்கக் கூடாது, கேட்டா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிடுவார்.

எனக்கு இந்தக் கடை பிடிச்சதுக்கு ஒரே காரணம், அண்ணை தாளை முதல் வாங்க மாட்டார். எவ்வளவு, என்ன தாள் எண்டு கேப்பார், கல்குலேட்டரில அடிச்சு உங்கட பக்கம் திருப்பிக் காட்டுவார், "சரியோ" எண்டுவார், நீங்க ஓம் எண்ட பிறகுதான் கையை நீட்டுவார். வேற ஒரு இடத்தில எனக்கு நடந்தது என்னெண்டா தாளை உள்ள இழுத்து மிஷினில போட்டு எண்ணி முடிச்ச பிறகு இதில பேனைக் கீறல் இருக்கு, இது மடிஞ்சிருக்கு, ரேட் குறைவு எண்டு சொல்லுறது, அப்ப திருப்பித் தாங்கோ எண்டு கேக்க வெக்கமாயும் கிடக்கும். இங்க அந்த விளையாட்டு இல்லை. 50, 20 தாளுக்கு ஒரு ரேட், 10, 5க்கு கொஞ்சம் குறைவு, ஸ்கொட்லாந்து தாள் எடுக்கவே மாட்டார், சில்லறைக் குத்தி கொண்டு போனா சிரிப்பார். கவுண்டரில ஒரு போர்ட் இருக்கு, "பணத்தை எண்ணிப் பார்க்கவும், இவ்விடத்தை விட்டு நகர்ந்தபின் முறைப்பாடுகள் ஏற்கப்படமாட்டாது" எண்டு. அந்த போர்டுக்கு பிறகு வருவம்.

2016 ஜூன் 24 வெள்ளிக்கிழமை காலமை நான் அங்க நிண்டனான். அம்மாவிட்ட இருந்த கொஞ்சப் பவுண்ஸை மாத்த வேணும், நேற்றைக்கே போயிருக்கலாம், பஞ்சியில விட்டுட்டன். முதல் நாள்தான் பிரிட்டனில ஐரோப்பிய ஒன்றியத்தில இருக்கிறதோ (ரிமெய்ன்) விலகிறதோ (லீவ்) எண்டு வாக்கெடுப்பு, அதுதான் இந்த பிரெக்சிட். லண்டனில விடிய 4.40க்கு லீவ் தான் வெல்லுது எண்டு பிபிசி சொல்ல எங்கட நேரம் 9.10, கடை அப்பதான் திறந்தது. ராத்திரி 1.50 டொலர் வரைக்கும் போன பவுண் 1985க்குப் பிறகு காணாத அளவுக்கு இறங்கி 1.32 டொலரைத் தொட்டது. அண்ணை போர்டில பவுண் எண்டு எழுதியிருந்த வரியை மட்டும் துணியால துடைச்சுப்போட்டு வெறுமனே விட்டார். "இண்டைக்கு மாத்தாதேங்கோ தங்கச்சி" எண்டும் சொன்னவர். வாற ஆளைத் திருப்பி அனுப்புற வியாபாரியை நான் வேற எங்கயும் காணேல்ல, அதுக்கே ஒரு ஸ்டார் குடுக்கலாம்.

இதில ஒரு பகிடி இருக்கு. அந்த வாக்கெடுப்பில கொமன்வெல்த் நாட்டு ஆக்கள் அங்க சட்டப்படி இருந்தா வோட் போடலாம், ஆனா போலந்துக்காரனோ ஜேர்மன்காரனோ பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுக்காட்டி 20 வருசம் இருந்தாலும் போடேலாது. ஸ்டூடன்ட் விசாவில போன என்ர தம்பி இலங்கைப் பாஸ்போர்ட்டோட போய் ரிமெய்னுக்குப் போட்டவன். லண்டன் ஹரோவில 25 வருசமா இருக்கிற சித்தப்பா லீவுக்கு. ஐரோப்பாக்காரன் சும்மா வாறான், எங்கட பெடியளுக்கு விசா இழுபடுது எண்டுறது அவற்ற கணக்கு, லீவ் பக்கத்து ஆக்களும் வெளியில வந்தா கறிக்கடைச் சமையல்காரருக்கு விசா சுகமாகும் எண்டு ஆசை காட்டித் திரிஞ்சவைதானே. 51.9க்கு 48.1. எங்கட வீட்டில சரியா ஒண்டுக்கு ஒண்டு.

தம்பி படிப்பு முடிச்சு திரும்பி வந்துட்டான். 2019 மார்ச் கடைசியில சித்தப்பா ஒரு அந்தியேட்டிக்கு வந்தவர். ஏப்ரல் 2ம் திகதி செவ்வாய்க்கிழமை மூண்டு பேருமா கடைக்குப் போனம். முதல் நாள் ராத்திரி, எங்கட நேரம் விடியப்பறம் ரெண்டரை போல, விலகிற ஒப்பந்தம் எது எண்டாலும் சனத்திட்ட ஒருக்கா காட்டி ஓம் வாங்கோணும் எண்ட பிரேரணை அங்க பாராளுமன்றத்தில 280க்கு 292 எண்டு தோத்திருந்தது. 12 வோட். தம்பி நித்திரை கொள்ளாமப் பாத்துட்டு கண் சிவந்து போய் இருந்தான்.

சித்தப்பா கதிரையில இருந்தபடியே அந்த போர்டைக் காட்டினார். "பார், கவுண்டரை விட்டு நகர்ந்தா முறைப்பாடு இல்லை. 2016ல கவர்ன்மென்ட் வீட்டுக்கு வீடு புத்தகம் அனுப்பி நீங்க முடிவெடுக்கிறதை நாங்க செய்வம் எண்டு எழுதித் தந்தது, வடிவா எண்ணித்தான் போட்டனாங்கள், பிறகென்ன ரெண்டாம் வோட்?" தம்பி விடேல்ல. "பிரதமர் தெரேசா மே ஒரே ஒப்பந்தத்தை மூண்டு தரம் கொண்டு வரலாம், ஜனவரியில 432க்கு 202 எண்டு அடி வாங்கியும் திரும்ப வரலாம், சனத்திட்ட மட்டும் ரெண்டாம் தரம் கேக்கக் கூடாதோ சித்தப்பா? உங்களுக்கு ஆரும் கல்குலேட்டரைத் திருப்பிக் காட்டினவையோ? தாளை வாங்கி உள்ள வச்சிட்டு மூண்டு வருசமா ரேட் என்னெண்டு தங்களுக்குள்ள அடிபடினம்."

அண்ணைக்கு அது நல்லாப் பிடிச்சிட்டுது, தன்ர கடையைப் பற்றிச் சொன்னதெண்டு நினைச்சாரோ தெரியேல்ல, உடன பக்கத்துக் கடையில பிளேன்டீ சொன்னார்.

மூலையில ஒரு ஐயா, கடை திறந்தா வந்து வீரகேசரி வாசிச்சிட்டு மத்தியானம் எழும்பிப் போற ஆள், அவர் பேப்பரை மடிச்சுப்போட்டு "உங்களுக்கு விளக்கும் குடமும் தெரியுமோ" எண்டார். தம்பிக்குத் தெரியாது. 1982 டிசம்பர் 22. பாராளுமன்றம் 1977ல தெரிவானது, ஆறில அஞ்சு பங்கு ஆக்கள் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனவின்ர கட்சி, புதுசா எலக்‌ஷன் வச்சா அந்தக் கணக்குக் குறையும். அதால எலக்‌ஷனுக்குப் பதிலா சர்வசன வாக்கெடுப்பு, இதே பாராளுமன்றம் இன்னும் ஆறு வருசம் இருக்கட்டோ எண்டு. ஓம் எண்டா விளக்கு, இல்லை எண்டா குடம். யாழ்ப்பாணம் குடத்துக்குக் குத்தித் தள்ளிச்சு, நாடு முழுக்க விளக்கு 54.66 வீதம். ஐயா சொன்னது இவ்வளவுதான்: "சனத்திட்ட கேக்கிறது நல்ல விஷயம் எண்டு எல்லாரும் சொல்லுவினம். கேள்வியை எழுதினவன் ஆர் எண்டு நான் பாப்பன்."

நான் தம்பி பக்கம்தான், இப்பவும். 2016 வாக்குச் சீட்டில இருக்கிறதோ விலகிறதோ எண்டு மட்டும்தான் இருந்தது, விலகினா சுங்க ஒன்றியம் என்னாகும், அயர்லாந்து எல்லையில என்ன செய்யிறது எண்டு ஒரு சொல்லும் இல்லை. ஆனா ஐயாவுக்கு அவனிட்ட பதில் இருக்கேல்ல. ரெண்டாம் சீட்டில என்ன எழுதுவினம்? மேயின்ர ஒப்பந்தமோ இருக்கிறதோ எண்டா, ஒப்பந்தமே வேண்டாம் சும்மா வெளிய வருவம் எண்ட ஆக்கள் எங்க குத்துறது? மூண்டையும் போட்டா எப்பிடி எண்ணுறது? லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜ் ஆக்கள் குறைஞ்சது 22 கிழமை வேணும் எண்டு கணக்குப் போட்டிருந்தவை, கேள்வியை எழுதிச் சோதிக்கிறதும் அந்த 22 கிழமைக்குள்ளதான் அடக்கம். பிறகு 2019 டிசம்பர் 12 எலக்‌ஷனில, விலகியே தீருவம் எண்ட பொரிஸ் ஜோன்சன்ர கட்சி மற்ற எல்லாரையும் சேர்த்ததை விட 80 சீட் கூட எடுக்க, கதை முடிஞ்சுது, 2020 ஜனவரி 31 வெளிய.

எங்களுக்கு 2022ல ரூபாய் விழுந்த விழுகையில பவுண் விழுந்ததே மறந்து போச்சு. அந்த நாளில காலமை ஒரு ரேட் பின்னேரம் ஒரு ரேட், அப்பவும் அண்ணை கல்குலேட்டரைத் திருப்பினவர்.

குறை எண்டா ஏசி இல்லை, ஃபான் சுத்தினா தாள் பறக்கும் எண்டு அதையும் போட மாட்டார். பெரிய தொகை எண்டா முதல் நாள் சொல்லி வைக்கோணும். ரிசீட் கேக்காமலே தருவார். 5க்கு 4.

போன டிசம்பர் சித்தப்பா வரேக்க சித்தியின்ர சீலை அலுமாரிக்குள்ள கிடந்ததெண்டு நாலு பழைய கடதாசி 20 தாளும் கொண்டு வந்தவர். அண்ணை தொடவே இல்லை, "இது 2022 செப்டெம்பர் 30ஓட முடிஞ்சுது அண்ணை" எண்டார். சித்தப்பா கணக்கெடுக்கேல்ல, "பாங்க் ஒஃப் இங்கிலண்டில இப்பவும் மாத்தித் தருவினம், அதுக்கு காலக்கெடு இல்லை" எண்டு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். தம்பி மெதுவா, "அப்ப முடிஞ்சு போனதையும் திரும்ப மாத்தலாம் எண்டுறீங்கள் சித்தப்பா" எண்டான். சித்தப்பா நாலு தாளையும் மடிச்சு பேர்சுக்குள்ள வச்சிட்டு, புதுத் தாளுக்கு இண்டைக்கு என்ன ரேட் எண்டு கேட்டார்.