சர்வீஸுக்குப் போன செயின்சா பல்லைப் பறிகொடுத்துத் திரும்பி வந்த கதை

மின்சாரச் செயின்சாவை ரிப்பேர் கடைக்குக் கொடுக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் கொடுங்கள். செய்யாத வேலைக்கெல்லாம் என்னிடம் பில் போட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையில் செய்த ஒரே வேலையில் நல்ல செயினைக் குட்டிச்சுவராக்கிவிட்டார்கள், அதுதான் ஆத்திரம்.

என்னுடையது ஒயர் இழுத்து பிளக்கில் மாட்டும் ரகம். கிளை கழிக்கவும் விழுந்த மரத்தைத் துண்டு போடவும் வைத்திருக்கிறேன். கொஞ்ச நாளாக வெட்டு மந்தமாகி, அழுத்தினால்தான் இறங்கும் என்ற நிலைமை. அழுத்தினால் கருகல் வாடை. கடைக்காரர் மெஷினை ஒருமுறை ஓட்டிக் கேட்டுவிட்டு, "மோட்டார் வீக்காயிடுச்சு சார், ஆர்மேச்சர் மாத்தணும்" என்றார். ஆர்மேச்சர் என்பது மோட்டாருக்குள் சுற்றும் பாகம். கூடவே, அதில் உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ், ஆயில் பம்ப் சர்வீஸ், செயின் சாணை. எல்லாம் சேர்ந்து, புது மெஷின் விலையில் பாதியைத் தொட்டது பில்.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு கட்டையில் வைத்ததுமே மெஷின் கடித்து இழுத்துத் துள்ளியது. விட்டுப்பிடித்து வெட்டினால் நேராக இறங்காமல் ஒரு பக்கமாக வளைந்து போகிறது. பாரை, அதாவது செயின் சுற்றி ஓடும் நீளமான தகட்டைத் தொட்டால் கொதிக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு செயினை வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தேன்.

பற்களின் நுனி நீலம் பாரித்திருந்தது. கல் கிரைண்டரில் அழுத்திப் பிடித்து அவசரமாகச் சாணை போட்டால் இப்படித்தான் ஆகும். நீலம் ஏறிய இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது. அதற்குமேல் அங்கே கூர் நிற்காது. சில பற்களில் அரமே வழுக்கும். போதாததற்கு, இடப்பக்கப் பற்களை அதிகமாகத் தின்று, வலப்பக்கப் பற்களை நீளமாக விட்டிருந்தார்கள். வெட்டு வளைந்ததற்குக் காரணம் அதுதான்.

இதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கும் முன்னால் சின்னதாக ஒரு மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அந்த மேடுதான் தீர்மானிக்கிறது. வீட்டு ரகச் செயின்களில் பெரும்பாலும் பல்லின் நுனியைவிட அது 0.65 மி.மீ. அளவுக்குத் தாழ்ந்திருந்தால் போதும். இவர்கள் அதை மொட்டையடித்துவிட்டார்கள். "இப்ப பாருங்க சார், சும்மா பிச்சிக்கிட்டுப் போகும்" என்று கடையில் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. மேடு இல்லாத செயின் மரத்தை அளவுக்கு மீறிக் கவ்வும். மோட்டார் திணறும். பாரின் முனை மேல்பக்கம் எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும் ஆபத்தும் கூடும். காசு போனால் போகிறது, இது உயிரோடு விளையாடும் வேலை.

சரி, மற்றதையும் பார்த்துவிடுவோம் என்று பார் கவரைக் கழற்றினேன். உள்ளே பழைய மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து இறுகி, செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றித் தார் மாதிரி அப்பிக் கிடந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பியபோது பாளம் பாளமாக வந்தது. பார் மேல் எண்ணெய் இறங்கும் துளை முழுக்க அடைப்பு. பம்ப் சர்வீஸ் செய்தவர் கவரைக்கூடத் திறக்கவில்லை! டேங்கில் இருந்ததோ கன்னங்கரேலென்று பழைய இன்ஜின் ஆயில். அதில் உலோகப் பொடி இருக்கும், ஒட்டும் தன்மையும் இருக்காது. செயின் ஆயில் என்று தனியாக விற்பது, சுற்றும் வேகத்தில் தெறித்துப் போகாமல் ஒட்டி நிற்பதற்காகவே தயாரிக்கப்படுவது. பழைய இன்ஜின் ஆயில் தோலுக்கும் நல்லதல்ல, வெட்டும்போது நம்மேல்தான் தெறிக்கும்.

கார்பன் பிரஷ் பார்ப்பது சுலபம். என் மெஷினில் மோட்டாரின் இரண்டு பக்கமும் வெளியிலேயே மூடி இருக்கிறது, தட்டை ஸ்க்ரூடிரைவரால் திருகினால் வந்துவிடும். உள்ளே இருந்தவை தேய்ந்து கட்டையாகிப் போன பழைய பிரஷ்கள். அந்தத் துளை வழியாக டார்ச் அடித்தால் ஆர்மேச்சரின் செம்பு வளையம் தெரியும். புதிதாக மாற்றியிருந்தால் செம்பு பளிச்சென்று மின்ன வேண்டும். எனக்குத் தெரிந்தது கறுத்துப்போன, பிரஷ் தேய்த்த தடம் விழுந்த வளையம்.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில், நான் ஈர மரத்தை வெட்டியிருப்பேன் என்றார். அப்புறம், எண்ணெய் ஊற்றாமல் ஓட்டியிருப்பேன் என்றார். "பழைய ஆர்மேச்சர் எங்கே?" என்று கேட்டதும், இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டோம் என்றார். செம்பு வளையத்தின் போட்டோவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் மழுப்பிவிட்டு, பையன் வேறு மெஷினின் கணக்கை என் பில்லில் ஏற்றிவிட்டான் என்று பழியை அவன் தலையில் கட்டினார். பாவம், அந்தப் பையன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். ஆர்மேச்சருக்கும் பிரஷுக்கும் வாங்கிய பணம் திரும்பி வந்தது. பம்புக்கும் செயினுக்கும் கையை விரித்துவிட்டார்.

ஆக, மோட்டாருக்கு ஒன்றுமே இல்லை. செயின் மழுங்கியிருந்தது, எண்ணெய்த் துளை அடைத்திருந்தது, பிரஷ் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். இப்போது புதுச் செயின் போட்டு, துளையைக் குத்திச் சுத்தம் செய்து, பிரஷை ஜோடியாக மாற்றியிருக்கிறேன். நன்றாக ஓடுகிறது.

மோட்டார் போச்சு என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். வெட்டும்போது விழுவதைப் பாருங்கள். சீவல் சீவலாக வந்தால் செயின் கூராக இருக்கிறது, மாவு போலப் பொடியாக வந்தால் மழுங்கிவிட்டது. பாரின் முனையை ஓர் அட்டைக்கு மேலே, படாமல் நீட்டிப் பிடித்து ஓட்டுங்கள். அட்டையில் எண்ணெய்க் கோடு விழாவிட்டால் எண்ணெய் வரவில்லை. நீளமான, மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஓட்டினாலும் மோட்டார் வலுவில்லாமல்தான் சுற்றும். தடித்த ஒயரில் மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கூர் தீட்ட கிரைண்டரே வேண்டாம். வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் வருகிற 3/8 அங்குல லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) செயினுக்கு 4 மி.மீ. உருண்டை அரம் போதும். பல்லின் மேல் இருக்கிற சாய்வுக்கோடு காட்டும் கோணத்தில், பொதுவாக 30 டிகிரி, உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் தள்ளுங்கள். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ளினால் நீளம் ஒன்றுபோல் இருக்கும். மேட்டை எப்போதாவதுதான் தொட வேண்டும், அதுவும் அளவுத் தகடு வைத்து. செயின் சூடாக இருக்கும்போது இறுக்காதீர்கள், ஆறியதும் சுருங்கிப் பாரை நெரிக்கும்.

கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் செயினைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மெஷினை மட்டும் கொடுங்கள். கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். புதுச் செயின் அவர்களே போட்டுத் தருவதாகச் சொன்னால், பாரில் பொறித்திருக்கும் பிட்ச் (செயின் இணைப்புகளின் இடைவெளி அளவு), தடிமன், இணைப்புகளின் எண்ணிக்கை மூன்றும் செயின் அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.