நிலக்கரிக் கப்பல், கடலடிக் கேபிள், மன்னார் காற்று: இலங்கைக்கு எது தோது?

2030க்குள் 70 சதவீத மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்க வழிகளில் எடுப்பது இலங்கையின் இலக்கு. அங்கே போகும் பாதைகளில் டெல்லிக்கும் பெய்ஜிங்குக்கும் இடையிலான இழுபறியும் சேர்ந்தே வருகிறது.

இன்றைக்கு நாட்டின் மின்சாரத்தைத் தூக்கி நிறுத்துவது நுரைச்சோலை அனல்மின் நிலையம். சீனக் கடனில், சீன நிறுவனம் கட்டியது, 900 மெகாவாட். மழை பொய்த்தாலும் ஓடும் என்பது அதன் பெரிய பலம். ஆனால் நிலக்கரி முழுக்க இறக்குமதி. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அந்தக் கடலில் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்க முடியாது என்பதால், அதற்கு முன்பே வாங்கிக் குவித்தாக வேண்டும். அதற்கு டாலர் கையில் இருக்க வேண்டும். 2022 மார்ச்சில் டீசல் வாங்க டாலர் இல்லாமல் ஒரு நாளில் 13 மணி நேர மின்வெட்டு வந்ததை யார் மறப்பார்கள்? கட்டிக் கொடுத்தவர் சீனரோ இந்தியரோ, எரிபொருளுக்கு வருடா வருடம் கையேந்தும் நிலை மாறாது.

காற்றுக்கும் வெயிலுக்கும் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவற்றிலும் அரசியல் புகுந்துவிட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான மின்திட்டம் 2021இல் சீன நிறுவனத்துக்குப் போனது. ராமேசுவரத்துக்கு இவ்வளவு பக்கத்திலா என்று இந்தியா எதிர்த்தது. கடைசியில் தானே 1.1 கோடி டாலர் மானியம் கொடுத்து எடுத்துக்கொண்டது. கடனாக வந்திருக்க வேண்டியது மானியமானதில் தீவு மக்களுக்கு லாபம்தான். மன்னார், பூநகரியில் இந்தியாவின் அதானி நிறுவனத்தின் 484 மெகாவாட் காற்றாலைத் திட்டம் வேறு கதை. திறந்த போட்டி இல்லாமல் யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட் பேசப்பட்டது. அதே மன்னாரில் போட்டி ஏலம் நடந்தபோது 5 சென்டுக்கும் குறைவாகவே விலை வந்தது. வலசைப் பறவைகளின் பாதை என்ற எதிர்ப்பும் இருந்தது. 2024இல் வந்த புதிய அரசு விலையை மறுபரிசீலனை செய்யப் போக, 2025 பிப்ரவரியில் அதானி விலகிக்கொண்டது. எனக்கு இதில் வருத்தமில்லை.

மூன்றாவது, இந்தியாவோடு நம் மின்தொடரை (நாடு முழுக்க மின்சாரம் கொண்டுபோகும் கம்பி வலையை) இணைக்கும் கடலடிக் கேபிள். 2025 ஏப்ரலில் மோடி கொழும்பு வந்தபோது இதற்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்டது. ஞாயிற்றுக்கிழமை, தேவை குறைவு, கூரைகளிலிருந்து சூரிய மின்சாரம் நிறைய; அதனால் திடீர் அதிர்வைத் தாங்கிப் பிடிக்கும் கனமான சுழலிகள் குறைவாகவே ஓடின. மின்தொடரால் அதிர்வைத் தாங்க முடியவில்லை. நுரைச்சோலை திரும்ப ஓட நாட்கள் பிடித்தன. இப்படிப்பட்ட நேரத்தில் கேபிள் கைகொடுக்கலாம்.

ஆனால் 'மிச்ச மின்சாரத்தை இந்தியாவுக்கு விற்போம்' என்ற கணக்கை நான் முழுசாக நம்பவில்லை. மன்னாரில் காற்று அடித்து வீசும் மாதங்களில்தான் கயத்தாறு, ஆரல்வாய்மொழிப் பக்கமும் காற்றாலைகள் உச்சத்தில் சுற்றுகின்றன. அப்போது தமிழ்நாட்டுக்கு எதற்கு நம் மின்சாரம்? விலை சரியும்.

அதனால் என் வரிசை இதுதான்: முதலில் திறந்த ஏலத்தில் காற்றாலை, சூரிய மின்சாரம், கூடவே மாலை நேரத் தேவைக்கு பேட்டரி. அப்புறம் கேபிள். அந்த ஒப்பந்தத்திலும் காற்றுக்கால விலை என்ன, நெருக்கடியில் இந்தியா எவ்வளவு அனுப்பியே தீர வேண்டும் என்ற இரண்டையும் முன்கூட்டியே எழுதி வாங்கிவிட வேண்டும்.