ஹியூ லோ வேன் சுற்றுலா: விடியலில் கிளம்பினால்தான் ரப்பர் பால் பார்க்கலாம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் அரைநாள் வேன் சுற்றுலா இது. பேராக்கில் சுல்தானுக்கு ஆலோசகராக இருந்த பிரிட்டிஷ் அதிகாரி (ரெசிடெண்ட்) ஹியூ லோவின் தடத்தைக் காட்டுகிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளைத் தாராளமாக அனுப்பலாம். ஆனால் வழிகாட்டி சொல்வதைத் திருத்திக்கொண்டே கேட்க வேண்டும்.

முதலில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய பால்மரம், அதாவது ரப்பர் மரம். "லோதான் பிரேசிலிலிருந்து விதை கொண்டுவந்தார்" என்கிறார் வழிகாட்டி. இல்லை. 1876இல் அங்கே விதை திரட்டியவர் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர். லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகளில் 22 மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது லோவின் ரெசிடென்சி தோட்டத்துக்குப் போயின. ரப்பருக்காகத் தமிழரை இறக்கியவரும் லோதான் என்கிறார் வழிகாட்டி. அதுவும் இல்லை. லோ 1889இல் பதவி விட்டுப் போன பிறகுதான் ரப்பர் தோட்டங்கள் பெருகின. மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூரில் தாவரவியலாளர் ரிட்லி கண்டறிந்ததும் லோ போன பிறகுதான்.

வழிகாட்டி சொல்லாமல் விட்டதும் பெரிது. முதல் ரெசிடெண்ட் பர்ச் 1875இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அந்தக் கொதிப்பு ஆறாத மண்ணுக்கு 1877இல் வந்தவர் லோ. போர்னியோவில் பல்லாண்டு இருந்து மலாய் பழகியவர். மலாய்ப் பிரபுக்களையும் சீனத் தலைவர்களையும் மாநில மன்றத்தில் உட்கார வைத்துப் பேசினார். கடன் அடிமை முறை 1883 முடிவில் ஒழிந்தது. ஆலோசகர் என்று பெயர், அதிகாரமோ அவர் கையில். இதைச் சொல்லாவிட்டால் லோ வெறும் செடி நட்ட மனிதராகிவிடுவார்.

மரத்தைச் சீவிக் காட்டும் பகுதி அருமை. காட்டுகிற அம்மா கைதேர்ந்தவர். பழைய வெட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை முதலில் உரித்தெடுக்கிறார். இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாக, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் கத்தி இறங்குகிறது. ஒரு சீவலுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை, அதற்கு மேல் போகவில்லை. கத்தி ஆழமாகப் போய் மரத்தில் காயம் பட்டால் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், அடுத்த சுற்றில் அங்கே கத்தி ஓடாது.

குறை நேரத்தில்தான். பத்தரை மணிக்குச் சீவுகிறார்கள். வெயில் ஏறியதும் மரத்தில் நீர் குறைந்து பால்குழாய்களின் அழுத்தம் தளர்ந்துவிடும். பால் பிடிக்கும் மங்கில் நாலு சொட்டுதான் விழுகிறது. சீவலை முதலில் வைத்துக்கொண்டு ஆறு மணிக்கே கிளம்பச் சொல்லிக் கேளுங்கள். இரவில் மழை பெய்திருந்தால் பட்டை ஈரத்தில் பால் வெட்டை விட்டு வழிந்தோடும், அன்று சீவமாட்டார்கள். முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.