நெருப்பைத் தாண்டிய நாளும் வேடம் கட்டும் ஊர்களும்

பழைய ரோமானியத் திருவிழா எப்படி இருந்திருக்கும் என்று இன்று நேரில் போய்ப் பார்க்க நினைப்பவருக்கு மூன்று ஊர்களைச் சொல்லலாம்: இத்தாலியில் ரோம், ஸ்பெயினின் கிழக்குக் கடற்கரையில் தாரகோனா, அதே நாட்டின் வடமேற்கு மூலையில் லூகோ. மூன்றிலும் டோகா என்ற ரோமானிய மேலாடை, ஈட்டி, கேடயம் எல்லாம் உண்டு. எந்த ஊர் மேல் என்று சொல்வதற்கு முன்னால், அசல் விழா ஒன்றைப் பார்த்துவிடுவோம்.

ஏப்ரல் 21, பரிலியா. மந்தைகளைக் காக்கும் பாலேஸ் என்ற தெய்வத்துக்கான நாள். பாலேஸ் ஆணா பெண்ணா என்பதில் ரோமானியருக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. அதற்காக யாரும் விழாவை நிறுத்தவில்லை. ரோமானியக் கவிஞர் ஓவிட், விழா நாட்களைப் பாடும் தன் 'ஃபாஸ்தி'யில் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார். இடையர் பட்டியைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, இலை தழைகளும் மாலையும் கட்டுவார். கந்தகப் புகை போடுவார், புகை பட்டு ஆடுகள் கத்தும். தினைப் பணியாரமும் பாலும் படைப்பார். அப்புறம் வருகிறது வேண்டுதல். வெற்றி கொடு, செல்வம் கொடு என்று அது தொடங்குவதில்லை. தெரியாமல் புனித மரத்தடியில் உட்கார்ந்திருந்தால், கல்லறைப் புல்லை ஆடு மேய்ந்திருந்தால், தோப்பில் கிளை ஒடித்திருந்தால், ஊற்றைக் கலக்கியிருந்தால் மன்னித்துவிடு என்று கேட்பதுதான் அதில் முன்னால் வருகிறது. கிழக்கே பார்த்து நான்கு முறை இதைச் சொல்லி, பனிநீரில் கை கழுவி, பாலும் சுண்டக் காய்ச்சிய திராட்சைச் சாறும் குடித்துவிட்டு, எரியும் வைக்கோல் போரைத் தாண்ட வேண்டும். நானும் தாண்டியிருக்கிறேன் என்கிறார் ஓவிட்.

நகருக்குள் நடந்த சடங்குக்கு அடுப்புத் தெய்வமான வெஸ்டாவின் கோயில் கன்னியர் பொருள் தருவார்கள்: பலியான குதிரையின் ரத்தம், சினைப்பசுவின் வயிற்றிலிருந்து எடுத்த கன்றின் சாம்பல், அவரைத் தட்டை. ரோம் நகரம் பிறந்ததும் இதே நாளில்தான் என்பது மரபு. கி.மு. 753 என்ற ஆண்டு ரோமானிய அறிஞர் வர்ரோவின் கணக்கு.

சரி, இன்றைய ரோம். 1994-இல் தொடங்கிய ரோமானிய வரலாற்றுக் குழு ஒன்று ஏப்ரல் 21-ஐ ஒட்டி நகரின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறது. ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து வேடக் குழுக்கள் வருகின்றன. பழைய தேரோட்ட மைதானமான சிர்க்குஸ் மாக்சிமுஸில் கூடாரங்கள், போர்ப் பயிற்சி, ஊரை நிறுவியதாகச் சொல்லப்படும் ரோமுலுஸ் ஏர் ஓட்டி நகர எல்லை போட்ட காட்சி, கொலோசியம் பக்கமாக நீண்ட ஊர்வலம். இடத்துக்கும் தேதிக்கும் ரோமை அடித்துக்கொள்ள ஆளில்லை. அன்று நண்பகலில் பாந்தியன் என்ற பழைய கோயிலின் கூரைத் துளை வழியாக விழும் வெயில் சரியாக வாசலில் நிற்கும். அதை மட்டும் பார்த்துவிட்டு வந்தாலும் டிக்கெட் காசு வீணில்லை.

ஆனால் ஊர்வலம் என்னவோ ராணுவ அணிவகுப்பு மாதிரியே இருக்கிறது. இடையர் விழா லெஜியன்களின், அதாவது படைப்பிரிவுகளின், விழாவாகிவிட்டது. 'இந்தக் காலத்தில் எல்லாமே ஷோ' என்று அலுத்துக்கொள்ளத் தோன்றும். அதற்கும் வழியில்லை. இதைத் தொடங்கி வைத்ததே ரோமானியர்தான். கி.பி. 121-இல் பேரரசர் ஹேட்ரியன் பரிலியாவை ரோமின் பிறந்தநாள் விழாவாக மாற்றி, பேரையும் ரோமையா என்று ஆக்கி, சிர்க்குஸில் போட்டிகளும் வைத்தார். புகையும் பணியாரமும் அப்போதே பின்னால் போய்விட்டன.

தாரகோனாவின் கதை வேறு. மே மாதத்தில் நடக்கும் 'தாரகோ விவா' 1999-இல் தொடங்கியது. மறு ஆண்டே ஊரின் ரோமானிய எச்சங்கள் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. கடலைப் பார்த்து நிற்கும் ஆம்பிதியேட்டர் என்ற வட்ட அரங்கு இவர்களின் பெரிய சொத்து. இங்கே வாள் சுழற்றுபவர் நடுவில் நிறுத்தி, இந்தக் கேடயம் ஏன் இந்த அளவு, இந்தக் காலில் மட்டும் ஏன் கவசம் என்று விளக்குவார். சமையல், மருத்துவம், சட்டம், பலிச் சடங்கு எல்லாவற்றுக்கும் இதே மரியாதை. கற்றுக்கொள்ளப் போகிறவருக்கு இதுதான் முதலிடம், சந்தேகமே வேண்டாம். குறை ஒன்றுதான்: பார்வையாளர் பார்வையாளராகவே இருக்கிறார். நல்ல வகுப்பு, ஆனாலும் வகுப்பு.

லூகோவுக்கு வருவோம். முதல் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் 'லூகுஸ் அகுஸ்தி' என்ற பெயரில் எழுந்த ஊர். சுமார் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அதன் ரோமானிய மதில் இன்றும் அறுபடாமல் ஊரைச் சுற்றி நிற்கிறது, மேலே ஏறி முழுச் சுற்று நடக்கலாம். 2000-இல் மதிலுக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்த கையோடு, 2001-இல் 'ஆர்தே லூகுஸ்' என்ற விழா தொடங்கியது. ஜூனில் நடக்கும். வரலாற்றுத் துல்லியம் பார்த்தால் மூன்றில் கடைசி இடம் இதற்குத்தான். போர்வையை டோகாவாக்கி, கூலிங் கிளாஸ் போட்ட செனட்டர்கள் தெருவில் திரிவார்கள். பக்கத்திலேயே மூஞ்சியில் சாயம் பூசிய கெல்டியர்கள், அதாவது ரோமானியருக்கு முந்தைய மக்களாக வேடம் கட்டியவர்கள்.

ஆனாலும் என் ஓட்டு லூகோவுக்கே. வேடம் கட்டுவது வெளியிலிருந்து வந்த குழு மட்டுமல்ல, ஊரே கட்டுகிறது. பாட்டி, பேரன், கடைக்காரர் எல்லாரும். சிலர் தங்கள் கல்யாணத்தையே ரோமானிய முறையிலோ கெல்டிய முறையிலோ அந்த நாட்களில் வைத்துக்கொள்கிறார்கள். ஓவிட் வைக்கோல் நெருப்பைத் தாண்டியபோது அதை யாருக்கும் காட்சியாகத் தாண்டவில்லை. கூட இருந்தவர்களும் தாண்டினார்கள். அந்தக் கலப்பு ரோமிலோ தாரகோனாவிலோ இவ்வளவு கிடைப்பதில்லை.

குழந்தைகளோடு ஒரே ஒரு பயணம்தான் என்றால் தாரகோனாவுக்கே போங்கள், அவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கும். லூகோவில் பாலேஸைத் தேடாதீர்கள், கிடைக்கமாட்டார். லத்தீனில் 'லூகுஸ்' என்றால் புனிதத் தோப்பு. அந்த இடையர் கிளை ஒடித்ததற்கு மன்னிப்புக் கேட்டது அப்படியொரு தோப்பைப் பற்றித்தான். அந்த ஊர் மொழியில் 'ஆர்தே' என்றால் எரிகிறது.