வன்னி வெயிலில் ஒரு குளுக்கோமீட்டர்

சலரோகக்காரரான ஐயாவுக்காக, வீட்டிலேயே இரத்தச் சீனியை அளக்கக் கிளிநொச்சியில் வாங்கிய குளுக்கோமீட்டர் ஒரு காலபோகத்தையும் ஒரு சிறுபோகத்தையும் கண்டுவிட்டது. கம்பனியின் பெயரை எழுதவில்லை. இந்த விலையில் விற்கும் மீட்டர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் வேலை செய்கின்றன. உண்மையான செலவு, இரத்தத் துளியை எடுத்து மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப்பில் இருக்கிறது. ஒரு கம்பனியின் ஸ்ட்ரிப் இன்னொரு கம்பனியின் மீட்டருக்குப் பொருந்தாது. நாங்கள் இருப்பது ஒட்டுசுட்டான் பக்கம். புதுக்குடியிருப்பிலும் முல்லைத்தீவிலும் அதன் ஸ்ட்ரிப் கிடைக்குமா என்று விசாரித்த பிறகே பணத்தைக் கொடுத்தோம்.

அடுத்தது வெக்கை. ஸ்ட்ரிப் குப்பியை 30 பாகைக்கு மேல் வைக்க வேண்டாம் என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் எங்கள் தகரக் கூரையின் கீழ் அது நடக்கிற காரியமா? நெல்மூட்டை அடுக்கும் உள்ளறையில், மூடியை இறுக்கி வைத்திருக்கிறோம். ஒரு கடையில் வெயில் விழும் கண்ணாடி அலுமாரியில் குப்பிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். விலை குறைவு என்றாலும் வாங்காமல் திரும்பினேன்.

மீட்டரின் அளவு ஆய்வுகூட அளவோடு அச்சொட்டாகப் பொருந்தாது. 15 சதவீதம் கூடிக் குறைவதைச் சர்வதேசத் தரமே அனுமதிக்கிறது; உண்மையில் 200 (டெசிலீட்டருக்கு மில்லிகிராம்) ஆக இருப்பது 170 என்றும் காட்டலாம், 230 என்றும் காட்டலாம். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்த வேண்டும். பனம்பழம் பிசைந்த விரலில் குத்தினால் மீட்டர் பழத்தின் சீனியையும் சேர்த்துத்தான் சொல்லும். விரல் நுனியை விட்டுப் பக்கவாட்டில் குத்தினால் நோவு குறைவு.

ஐயா சலரோகத்துக்கு மெற்போமின் குளுசையோடு, சீனியை அளவுக்கு மீறியும் இறக்கக்கூடிய கிளிக்கிளசைட் குளுசையும் எடுப்பவர். கிளினிக்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது சோற்றைக் குறைப்பார். வெறும்வயிற்று இரத்தப் பரிசோதனை நல்லதாக வரும். மூன்று மாத இரத்தச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனைக்கு அந்த இரண்டு நாள் பத்தியம் போதாது. வீட்டில் மீட்டர் வந்த பிறகுதான், சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் எந்தச் சாப்பாடு என்ன செய்கிறது என்பதை அவரே பார்த்தார். 180க்குள் இருக்க வேண்டியது, கோதுமைமாப் பிட்டோடு வாழைப்பழமும் சேர்ந்தால் மிக மேலே போனது. குரக்கன் பிட்டு என்றாலும் கோப்பை நிறையச் சாப்பிட்டால் ஏறத்தான் செய்தது. பிட்டைப் பாதியாக்கி, மீன்குழம்பும் முருங்கையிலை வறையும் கூட்டியபோது இறங்கியது. நான் எத்தனை தடவை சொல்லியும் கேட்காதவர், திரையில் தெரிந்த இலக்கத்தைக் கேட்டார்.

அதைவிடப் பெரிய உதவி ஒன்று. விடியவே குளுசையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் வயலுக்குப் போனவர் வியர்த்து, கை நடுங்கத் திரும்பி வந்தார். "வெயில் களைப்பு, பிள்ளை" என்று படுக்கப் பார்த்தார். மீட்டர் 58 காட்டியது. 70க்குக் கீழே போனால் உடனே சீனி கொடுக்க வேண்டும். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் குத்திப் பார்த்தோம், ஏறியிருந்தது. அந்தக் காலையொன்றுக்காகவே இந்தக் கருவிக்கு நான் எவ்வளவும் கொடுப்பேன். கிளினிக்கில் சொன்னபோது வைத்தியர் குளுசையின் அளவைக் குறைத்தார்.

பாதங்களை இந்த மீட்டர் பார்க்காது. சலரோகத்தில் நரம்பு மரத்துப்போனால் முள் ஏறியதே தெரியாது; சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு அதுதான் ஆபத்து. பின்னேரம் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, உள்ளங்காலைப் பார்ப்பது என் வேலை. கண்ணின் விழித்திரையையும் சிறுநீரில் புரதத்தையும் வருடத்துக்கு ஒருதரம் வைத்தியசாலையில்தான் பார்க்க வேண்டும்.

இன்சுலின் போடுபவர்களும், கிளிக்கிளசைட் போலச் சீனியை அளவுக்கு மீறித் தாழ்த்தக்கூடிய குளுசை எடுப்பவர்களும் கட்டாயம் வாங்குங்கள். மெற்போமின் மட்டும் எடுத்து, எச்பிஏ1சி சீராக இருப்பவர்கள் நாள்தோறும் விரலைக் குத்தத் தேவையில்லை. வைத்தியரைக் கேட்டுவிட்டு அந்தக் காசில் நல்ல செருப்பு வாங்கலாம்.