சாக்ஸில் கிடைத்த விடுதலையும் கம்பி நாற்காலியும்

ஈரோடு புத்தகத் திருவிழாவில் மாயாஜாலக் கதை தேடும் பிள்ளைக்கு ஜே.கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டரா, என்.கே. ஜெமிசினின் ‘உடைந்த பூமி’ வரிசையா? இரண்டுமே அடிமைத்தனத்தைப் பேசுகின்றன. என் ஓட்டு ஜெமிசினுக்கு.

ரௌலிங்கின் டாபி, ‘எல்ஃப்’ என்னும் குட்டி மாய இனத்தைச் சேர்ந்தது; ஒரு பணக்கார வீட்டின் அடிமை. எஜமான் கையிலிருந்து துணி கிடைத்தால்தான் அதற்கு விடுதலை. 1998இல் வந்த இரண்டாம் நூலில், ஹாரி ஒரு நாட்குறிப்பைத் தன் அழுக்குச் சாக்ஸில் திணித்து எஜமானிடம் நீட்டுகிறான். அவர் சாக்ஸை உருவி எறிய, டாபி பிடித்துக்கொள்கிறது. கை தட்டத் தோன்றும் இடம்தான். ஆனால் பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்ட குடும்பங்களை அறிந்தவருக்கு, மறுநாள் சோற்றுக்கு என்ன வழி என்ற கேள்வி உடனே எழும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். விடுதலைச் சான்றிதழ் கையில் இருந்தும், காசில்லாமல் இன்னொரு தறிக்கூடத்தில் முன்பணம் கேட்டு நிற்கிறவர்கள் உண்டு.

ரௌலிங்கும் இதைத் தொடுகிறார். நான்காம் நூலில், வேலையை இழந்த விங்கி என்ற இன்னொரு எல்ஃப் குடித்துவிட்டு அழுகிறது. ஆனால் அடிமைகளுக்காக ஹாரியின் தோழி ஹெர்மயனி தொடங்கும் சங்கத்தைக் கதையே நையாண்டி செய்கிறது. பள்ளிச் சமையற்கட்டு எல்ஃபுகளுக்கு விடுதலைப் பேச்சே பிடிப்பதில்லை. “எங்கள் பண்ணையத்து ஆளுக்கு என்ன குறை?” என்கிற பண்ணையக்காரரின் குரல்தான் இது.

ஜெமிசினிடம் இந்தச் சமாதானம் கிடையாது. நிலநடுக்கத்தை அடக்கும் ஆற்றலோடு பிறப்பவர்கள் இல்லாமல் அவர் படைத்த நாடு நிலைக்காது. அந்த நாடே அவர்களை வசைச்சொல்லால் அழைக்கிறது. மகனுக்கு அந்த ஆற்றல் இருப்பது தெரிந்ததும், மூன்று வயதுகூட நிரம்பாத அவனைத் தகப்பனே அடித்துக் கொல்கிறான். ஆணவக் கொலைச் செய்திகளைப் படித்து வளர்ந்த நமக்கு இது அந்நியக் கதையல்ல. பிறகு வருகிறது அந்தக் கம்பி நாற்காலி: நிலத்தை அமைதியாக வைத்திருப்பதற்காக, சுயநினைவு பறிக்கப்பட்டு அதில் கட்டிவைக்கப்பட்ட ஒரு குழந்தை. கல்யாணத்துக்குத் தொகை தருவதாகச் சொல்லி, இளம்பெண்களை மூன்றாண்டு நூற்பாலை விடுதியில் அடைத்துவைத்த சுமங்கலித் திட்டம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. உழைப்பு வேண்டும், ஆள் வேண்டாம். 2016 முதல் 2018 வரை அறிபுனை, மாயப்புனைவுகளுக்கான ஹியூகோ விருது தொடர்ந்து மூன்று முறை இந்த வரிசைக்குக் கிடைத்ததில் வியப்பில்லை.

நம்மூர் அண்ணன்மார் கதையையும் போட்டியில் சேர்க்கலாமே என்பார்கள். உடுக்கடித்து இரவிரவாகப் பாடும் அந்தக் கதையில், பறையர் குலத்துச் சாம்புவன் பொன்னருக்கும் சங்கருக்கும் உயிர்த்துணை. அவன் விசுவாசத்துக்குப் புகழ்ச்சி உண்டு. அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்பாரில்லை. இந்த விஷயத்தில் ரௌலிங் ஒரு படி மேல். டாபி சம்பளமாவது கேட்கிறது.

ஜெமிசினில் ஒரு சிரமம்: கதையின் கணிசமான பகுதி நாயகியை ‘நீ’ என்று விளித்துச் செல்கிறது, கொடுமைகளும் அதிகம். ஆகவே பள்ளிப் பிள்ளைக்கு ஹாரி பாட்டரையே கொடுங்கள். விங்கி வருகிற இடத்தில் அந்தச் சோற்றுக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கல்லூரிக்குப் போனதும் ஜெமிசினை வாங்கிக் கொடுக்கலாம்.