அபிகேல் ஆடம்ஸின் கையெழுத்தை நேரில் வாசிக்க: ஆடம்ஸ் குடும்ப மின்னாவணக் காப்பகம்

அமெரிக்காவின் இரண்டாம் அதிபர் ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகேலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். புதிய சட்டங்களை இயற்றும்போது பெண்களை மறந்துவிட வேண்டாம் என்று 1776 மார்ச் 31 அன்று அவர் கணவருக்கு எழுதிய வாக்கியம் அது. அந்த வாக்கியம் எவ்வளவு நீளமான கடிதத்தில், எந்தெந்தச் செய்திகளுக்கு நடுவே வருகிறது என்பதைப் பார்த்தவர்கள் குறைவு. பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகம் இணையத்தில் கட்டணமின்றி நடத்திவரும் ஆடம்ஸ் குடும்ப மின்னாவணக் காப்பகம் அதைப் பார்க்க வழிசெய்கிறது. சில மாதங்களாக இரவு உணவுக்குப் பிறகு ஓரிரு கடிதங்கள் என்று அதில் வாசித்துவருகிறேன். வரலாற்றில் ஆர்வமும் ஓரளவு ஆங்கிலப் பயிற்சியும் உள்ள எவருக்கும் தயங்காமல் பரிந்துரைக்கக்கூடிய சேவை இது.

1791இல் தொடங்கப்பட்ட அந்தக் கழகத்திடம் ஆடம்ஸ் குடும்பத்தார் தங்கள் ஆவணங்களை 1956இல் ஒப்படைத்தார்கள். கணவனும் மனைவியும் 1762 முதல் 1801 வரை ஒருவருக்கொருவர் எழுதிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள், ஜானின் நாட்குறிப்பு, அவருடைய தன்வரலாறு ஆகியவை இந்த மின்காப்பகத்தில் உள்ளன. ஒவ்வொரு கடிதத்துக்கும் கையெழுத்துப் பக்கத்தின் படமும், அதை எழுத்துக்கு எழுத்து அச்சில் பெயர்த்த படியும் கிடைக்கின்றன. தேதி வரிசையிலும் தேடலாம், சொல்லைக் கொடுத்தும் தேடலாம். அச்சுப்படியில் அபிகேலின் எழுத்துப் பிழைகள் திருத்தப்படாமல் அப்படியே விடப்பட்டிருப்பதை இதன் முதல் சிறப்பாகச் சொல்வேன். வெய்மத் ஊர்ப் போதகரின் மகளாக 1744இல் பிறந்த அவர் பள்ளிக்கூடம் சென்றதே இல்லை. வீட்டிலிருந்த புத்தகங்களைப் படித்தே வளர்ந்தவர். காதில் விழுந்த ஒலியை வைத்து எழுதிய அவருடைய சொற்களை வாய்விட்டு வாசித்தால் பொருள் விளங்கிவிடுகிறது. பேரன் சார்லஸ் ஃபிரான்சிஸ் ஆடம்ஸ் 1840இல் பாட்டியின் கடிதங்களை நூலாக வெளியிட்டபோது பிழைகளைத் திருத்தி, அந்தரங்கமான பகுதிகளையும் விலக்கினார். அவ்வாறு மெருகேற்றப்பட்ட அபிகேலுக்கும் இங்கே காணும் அபிகேலுக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று.

மேற்சொன்ன மார்ச் 31ஆம் தேதிக் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். நான் எழுதுவதில் பாதி நீளத்துக்காவது நீங்கள் எழுதக் கூடாதா என்ற குறையோடுதான் அது தொடங்குகிறது. அடிமைகளை வைத்திருந்த வர்ஜீனியாக்காரர்களைப் பற்றிய ஒரு கூர்மையான ஐயம் அடுத்து வருகிறது: பிறருடைய சுதந்திரத்தைப் பறித்தே பழகியவர்களின் நெஞ்சில் சுதந்திர வேட்கை அதே வலுவோடு இருக்குமா என்று கேட்கிறார். பிரிட்டிஷ் படை இரண்டு வாரங்களுக்கு முன்புதான் பாஸ்டனை விட்டு வெளியேறியிருந்தது. படைப்பிரிவின் மருத்துவர் ஒருவர் தங்கியிருந்த தங்கள் வீடு அழுக்கடைந்து கிடந்தாலும் வேறு பெரிய சேதமில்லை என்பதைத் தெரிவிக்கிறார். பெண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வாய்ப்புக் கிடைத்தால் ஆண்கள் எல்லாரும் கொடுங்கோலர்களாகவே இருப்பார்கள் என்ற புகழ்பெற்ற வரிகள் அதன் பிறகே வருகின்றன. வெடிமருந்துக்கான வெடியுப்பை இன்னும் காய்ச்சிப் பார்க்கவில்லை, சோப்புக் காய்ச்சும் வேலை முடிந்ததும் முயன்று பார்ப்பேன் என்ற செய்தியும் இதே கடிதத்தில்தான் இருக்கிறது.

கடிதம் அத்துடன் முடிந்துவிடவில்லை. அதைக் கொண்டுபோக ஆள் கிடைக்காததால் ஏப்ரல் 5 அன்று மேலும் சில வரிகளைச் சேர்க்கிறார். ஒரே வாரத்தில் இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்த பக்கத்து வீட்டாரின் துயரத்தில் உடனிருந்துவிட்டு வந்து எழுதிய வரிகள் அவை. மேற்கோள் தொகுப்புகள் எதிலும் நான் இந்தப் பகுதியைக் கண்டதில்லை. பெண்ணுரிமைக் கோரிக்கை, வெடியுப்பு, பக்கத்து வீட்டுச் சாவு ஆகிய எல்லாம் ஒரே கையெழுத்தில் அடுத்தடுத்து வருவதைப் படத்தில் பார்க்கும்போதுதான் அந்தக் கோரிக்கை எப்படிப்பட்ட வாழ்க்கையிலிருந்து எழுந்தது என்பது புரிகிறது. அதற்கு ஜான் ஏப்ரல் 14 அன்று எழுதிய, சிரிக்காமல் இருக்க முடியவில்லை என்னும் பதிலும் இங்கேயே இருக்கிறது. அதே ஜான் அடுத்த மாதம், நீ இப்போது நல்ல விவசாயியாக மட்டுமன்றி ராஜதந்திரியாகவும் ஒளிர்கிறாய் என்று பாராட்டி எழுதுகிறார். இவற்றையெல்லாம் வரிசையாகப் படிக்காமல் அந்தத் தம்பதியைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது சரியாகாது.

என்னை உலுக்கிய கடிதம் வேறு. 1777 ஜூலையில் ஜான் பிலடெல்பியாவில் இருந்தார். நிறைமாதக் கர்ப்பிணியான அபிகேல், முந்தைய இரவு உடம்பெல்லாம் நடுங்கியதாகவும், வயிற்றிலுள்ள குழந்தை உயிரோடு இல்லையோ என்று அஞ்சுவதாகவும் எழுதுகிறார். ஜூலை 10 அன்று பிரசவ வலிக்கு நடுவே மறுபடியும் கடிதம் எழுத உட்காருகிறார். தப்பிக்க முடியாததைத் தாங்கிக்கொள்ள இந்தக் கணம் பேனாவைக் கீழே வைத்தாக வேண்டும் என்று எழுதி நிறுத்துகிறார். தாங்கி முடித்துவிட்டேன், மறுபடி பேனாவை எடுக்கிறேன் என்று உடனே தொடர்கிறார். மறுநாள் பிறந்த பெண் குழந்தைக்கு உயிர் இல்லை. எலிசபெத் என்று பெயர் வைத்தார்கள். இந்தக் கடிதத்தை அச்சில் மட்டும் வாசித்து நகர்ந்துவிடாமல் படத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அபிகேலின் வரவு செலவுத் திறமையும் இந்தக் கடிதங்களில்தான் தெளிவாகத் தெரிகிறது. 1775 ஜூனில், ஏழரை ஷில்லிங்குக்கு வாங்கிய குண்டூசிகள் இப்போது 20 ஷில்லிங் கொடுத்தாலும் கிடைப்பதில்லை, 6,000 ஊசிகள் கொண்ட ஒரு கட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள் என்று கணவரைக் கேட்கிறார். ஜான் ஐரோப்பாவில் தூதராக இருந்த ஆண்டுகளில் அங்கிருந்து கைக்குட்டையும் ரிப்பனும் வரவழைத்து, உறவினர்கள் மூலம் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர் இவர்தான். ஜானுக்கு நிலத்தில்தான் நாட்டம். அபிகேலுக்கோ அரசுக் கடன் பத்திரங்களில் நம்பிக்கை இருந்தது. ஆனால் 1782இல் வெர்மான்ட்டில் நிலம் வாங்கியவர் அபிகேல்தான், இனி வெர்மான்ட் விஷயத்தில் தலையிட வேண்டாம் என்று எழுதியவர் ஜான். திருமணமான பெண்ணுக்குத் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமை சட்டப்படி இல்லாத காலம் அது. 1777 ஜூலை 31ஆம் தேதிக் கடிதத்தில், காப்பியைப் பதுக்கி வைத்து ராத்தலுக்கு ஆறு ஷில்லிங்குக்குக் குறையாமல் விற்க மறுத்த பாஸ்டன் வணிகர் ஒருவரை நூறோ அதற்கு மேலோ பெண்கள் கூடிக் கழுத்தைப் பிடித்து வண்டியில் தூக்கிப் போட்டுச் சாவியைப் பறித்து, காப்பியை எடுத்துச் சென்ற காட்சியை விவரிக்கிறார். ஆண்கள் கூட்டமாக வாயடைத்து நின்று வேடிக்கை பார்த்தார்கள் என்றும் மறவாமல் சேர்க்கிறார்.

அடிமை முறை பற்றி 1774 செப்டம்பரிலேயே, இந்த மாகாணத்தில் ஓர் அடிமைகூட இல்லாதிருக்க வேண்டும் என்று எழுதியவர் அவர். 1797 பிப்ரவரியில் எழுதிய கடிதம் அதைவிட அழுத்தமானது. தம் வீட்டில் வேலை பார்த்த ஜேம்ஸ் என்ற கறுப்பின இளைஞனை இரவுப் பள்ளிக்கு அனுப்புகிறார். மற்றப் பிள்ளைகள் எதிர்ப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து முறையிட, முகம் கறுப்பாக இருப்பதற்காக அவனுக்குக் கல்வியை மறுப்பதா என்று கேட்டு அவர் வாயை அடைக்கிறார். நானே அவனை என் கூடத்தில் உட்கார வைத்து எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தேன், அதை இழிவாக நினைக்கவில்லை என்கிறார். அபிகேலின் தந்தையே அடிமைகளை வைத்திருந்தவர் என்பதையும் நினைவில் கொண்டு இதை வாசிக்க வேண்டும்.

இந்தக் காப்பகம் மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கணவன் மனைவி இருவருக்கிடையிலான கடிதங்களே இதில் இருப்பதால், அபிகேல் தம் சகோதரிகளுக்கும் மகளுக்கும் தாமஸ் ஜெஃபர்சனுக்கும் எழுதியவை இங்கே கிடைக்கா. 1800 நவம்பரில், கட்டி முடிக்கப்படாத அதிபர் மாளிகையின் பெரிய வரவேற்பு அறையில் துணி காயவைத்ததைப் பற்றி மகளுக்கு எழுதிய கடிதத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும். எதிர்ப்பாளர்கள் ‘திருமதி அதிபர்’ என்று ஏளனம் செய்யும் அளவுக்கு அவர் கணவரின் அரசியலில் தோய்ந்திருந்தார். பத்திரிகைகளின் வாயைக் கட்டிய 1798ஆம் ஆண்டின் தேசத்துரோகச் சட்டத்தை அவர் முழு மனத்தோடு ஆதரித்தது பெரும்பாலும் சகோதரிக்கு எழுதிய கடிதங்களில் தெரிகிறது. என் மதிப்பீட்டில் அது அவருடைய பெரும் பிழை. அதை அறியாமல் அவரை வெறும் உரிமைப் போராளியாக மட்டும் போற்றுவது முழுமையான சித்திரமாகாது. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்’ தளமும் இலவசம்தான். அடிக்குறிப்புகளும் அங்கே உண்டு. கையெழுத்தின் படத்துக்கு இதையும், பின்னணிக்கு அதையும் அருகருகே திறந்து வைத்துக்கொள்வதே நல்லது.

புதிதாக வருகிறவர்கள் 1776இல் தொடங்காமல் 1762 அக்டோபரிலிருந்து, அதாவது திருமணத்துக்கு முன் ஜான் எழுதிய காதல் கடிதங்களிலிருந்து, வரிசையாகப் படித்துவர வேண்டும் என்பது என் பரிந்துரை. 1784 ஆகஸ்டில் லண்டனில் இருவரும் மீண்டும் ஒன்றுசேர்ந்த பிறகு சில ஆண்டுகளுக்குக் கடிதங்கள் மிகவும் குறைந்துபோவதைக் காண்பீர்கள். 1801இன் தொடக்கத்தில் அபிகேல் வாஷிங்டனிலிருந்து முன்னதாக மாசசூசெட்ஸின் குவின்சி ஊரிலுள்ள தங்கள் வீட்டுக்குப் புறப்படுகிறார். பதவிக்காலம் முடிந்ததும் ஜானும் அங்கே போய்ச் சேர்கிறார். காப்பகத்தின் கடிதங்கள் அந்த ஆண்டோடு நின்றுவிடுகின்றன. 1818 அக்டோபர் 28 அன்று அபிகேல் டைபாய்டு காய்ச்சலில் இறக்கும் வரை, இருவரும் அந்த ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள்.